இல்லாத புதன்கிழமை

ஜூலை 1, ஞாயிறு

காலை நாலரைக்குக் குழாயில் தண்ணீர். ஒன்றரை வாளியோடு நின்றுவிட்டது. ஐந்து மணிக்கே புழுக்கம்.

ஜனவரியில் மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. கப்பலில் எழுதலாம் என்று ஆறு மாதம் காலியாகவே வைத்திருந்தேன். இனிமேல் பொறுக்க முடியாது.

ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலை கப்பலையே கல்லூரியாக நடத்துகிறது. கடலில் இருக்கும் நாளெல்லாம் வகுப்பு. துறைமுகம் வந்தால் இறங்கிப் பார்ப்பது. இந்த வருஷம் இங்கிருந்து ஒரு பூகோள ஆசிரியரையும் ஏற்றிக்கொள்கிறார்கள். செப். 15 சென்னையில் ஏறினால், உலகத்தைச் சுற்றி, டிசம்பர் கடைசியில் சென்னையிலேயே இறக்கிவிடுவார்கள்.

வழி: கொழும்பு, மொம்பாஸா, டர்பன், கேப் டவுன், ரியோ, பனாமா கால்வாய், லாஸ் ஏஞ்சல்ஸ், ஹானலூலூ, யோகஹாமா, ஹாங்காங், சிங்கப்பூர். சூயஸ் மூடிக் கிடப்பதால் ஆப்பிரிக்காவைச் சுற்றியே ஆகவேண்டும். எனக்கு லாபம். டர்பனிலும் கேப் டவுனிலும் நான் இறங்க முடியாது. நம் பாஸ்போர்ட் அந்த தேசத்துக்குச் செல்லாது. பரவாயில்லை, கப்பலில் நின்றபடியே மேசை மலையைப் பார்த்தால் போதும். இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் சாக்பீஸால் போட்ட மலை. இதுவரை நான் கடலில் போன தூரம்: ராமேஸ்வரத்தில் படகு, அரை மணி.

ஜூனில் நேர்முகம். அமெரிக்கப் பேராசிரியர் வந்திருந்தார். நன்னம்பிக்கை முனைதான் ஆப்பிரிக்காவின் தென்கோடி என்றார். இல்லை, அகல்லாஸ் முனை என்று திருத்தினேன். படம் போட்டும் காட்டினேன். கடைசியில் கை குலுக்கி, "கப்பலில் சந்திப்போம்" என்றார். ஆகவே முடிந்த மாதிரிதான். கடிதம் வரவேண்டியது பாக்கி.

எங்கள் கல்லூரி ஆபீஸுக்கு ஒரே பெயர் அனுப்பினால் திரும்பி வந்துவிடும். இரண்டு வேண்டும், ஒன்று ஒப்புக்கு. டிபார்ட்மெண்டில் எனக்கு அடுத்தவன் ரங்கன். பதினைந்து வருஷத்துக்கு முன் நான் சொல்லித்தான் வேலைக்கு வந்தவன். அவனைப் பிடித்து உட்காரவைத்து, விண்ணப்பத்தை நானே டைப் அடித்துக் கையெழுத்து வாங்கினேன். "எனக்கெதுக்கு ஓய் கப்பல்? மகாபலிபுரம் பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கறவன் நான்" என்றான்.

மேற்கே போய்க்கொண்டே இருந்தால் பசிபிக்கில் தேதிக் கோட்டைத் தாண்டும்போது ஒரு நாள் காணாமல் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை படுத்தால் வியாழக்கிழமை எழுந்திருப்போம். நவம்பர் 21, புதன். டைரியில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு எழுதினேன்: இந்த நாள் இல்லை.

மனைவி கோமதி காபி கொண்டுவரும்போது கேட்டாள்: "ஷேவ் பண்ணிக்கறச்சே என்ன பாட்டு?"

"பாட்டா? நானா?"

"பின்ன, கண்ணாடியா பாடித்து?"

ஜூலை 3, செவ்வாய்

ஒரு வகுப்புதான். பாண்டி பஜாரில் தையல்காரரிடம் சூட்டுக்கு அளவு. கூட வருகிறேன் என்ற ரங்கன் வரவில்லை. தலைவலியாம்.

தையல்காரர் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, "இன்னா சார், கப்பல்ல குளிரு ஜாஸ்தியா கீதாம்? உள்ளாற துணி டபுளா வெச்சிடறேன். ஐஸு மேல படுத்தாக்கூட ஏறாது" என்றார். போகும் வழி பெரும்பாலும் வெப்பமண்டலம் என்று விளக்கினேன். "அதெல்லாம் அங்க போயி பாத்துக்கோ" என்றார்.

நாலு மணிக்கு வீடு. வாசலில் ரங்கன் மனைவி வத்சலாவின் செருப்பு. அடையாறிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கிறாள். சமையலறையில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நின்றுவிட்டது. வத்சலா பாதிக் காபியோடு எழுந்துபோய்விட்டாள். கோமதிக்குக் கண் சிவந்திருந்தது. கேட்டேன். "வெங்காயம்" என்றாள். அரிவாள்மணையில் புடலங்காய்.

இதுவரை கேட்டவர்கள்:

மைத்துனன்: டிரான்ஸிஸ்டர்.
மாடி வீட்டு மாமி: நைலக்ஸ் புடவை. "கிளிப்பச்சை. ஆனா ரொம்பப் பச்சையா இருக்கப்படாது."
பிரின்ஸிபால்: பேனா. தங்க முள்.
ஹெட் கிளார்க்: ஷேவிங் பிளேடு, முடிந்த அளவு.
பியூன் முனுசாமி: "எனுக்கு ஒண்ணும் வாணாம் சார். திமிங்கலத்த பாத்தியானா போட்டோ புடிச்சிகினு வா."
ரங்கன்: எதுவும் இல்லை.

ஜூலை 6, வெள்ளி

கார்ப்பரேஷன் சுகாதார ஆபீஸில் அம்மைத் தடுப்பு. இடது தோள். மஞ்சள் புத்தகத்தில் முத்திரை. ஒரு வாரம் கையைத் தூக்க முடியாது, எட்டாம் நாள்தான் உச்சம் என்றான் கம்பவுண்டர். பெருமையாக இருந்தது.

லெக்சர் பத்து முடிந்தது. மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒன்று, கால்வாய்க்கும் தேதிக் கோட்டுக்கும் ஒவ்வொன்று: ஏன் அங்கே ஊர் வந்தது, காற்று எப்படி, நீரோட்டம் எப்படி. பாடப்புத்தகத்தில் இதுபோல் கிடையாது. ஜனவரியிலிருந்து எழுதுகிறேன்.

ரங்கன் மூன்று நாளாக லீவு.

ஜூலை 10, செவ்வாய்

கை வீங்கியிருக்கிறது. லேசாகக் காய்ச்சல். ரங்கன் வந்தான். மெலிந்த மாதிரி. "என்னடா?" என்றால், "ஒண்ணுமில்லை, தோள்ல பிடிப்பு" என்றான். டிபனைப் பிரித்தான், மூடினான். இவனுக்கு மனசில் ஏதோ வருத்தம். நான் நாலு மாதம் இல்லாமல் போவதுதான் என்று நினைக்கிறேன். கப்பலிலிருந்து ஒவ்வொரு துறைமுகத்திலும் கார்டு போடுவதாகச் சொன்னேன். தலையை ஆட்டினான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

லெக்சர் பன்னிரண்டு, தேதிக் கோடு. இதுதான் சிறந்தது. நானே சொல்லக்கூடாது.

ஜூலை 12, வியாழன்

ஆசிரியர் சங்கச் செயலாளர் வந்தார். வழியனுப்பு விழா வருகிற சனியாம். "கடிதமே வரலியே" என்றேன்.

"கடிதம் வரும் சார். திங்கக்கிழமை ஆடி பொறந்துடறது. ஆடி மாசத்துல யாரை வழியனுப்பறது? ஆவணில பரீட்சை."

பிரின்ஸிபாலைக் கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டாராம். அவர் தலைமை தாங்க ஒப்புக்கொண்டுவிட்டாராம்.

அப்படியானால் சரி.

ஜூலை 14, சனி

மாலை நாலரை. ஸ்டாஃப் ரூம். மைசூர்பாகு, மிக்ஸர், காபி.

பிரின்ஸிபால் இருபது நிமிஷம் பேசினார். கடல், அறிவு, கடல்போன்ற அறிவு. என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துப் பேசினார். எப்போதும் அப்படித்தான்.

அடுத்து ரங்கன் எழுந்தான். "வைத்தி எனக்கு அண்ணா மாதிரி. அவர் இல்லேன்னா நான் இல்லை." அதோடு சரி. உட்கார்ந்துவிட்டான். பெண் லெக்சரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பதினைந்து வருஷப் பழக்கம், வேறென்ன.

மாலை போட வந்தான். இடது கை எழவில்லை. நான் குனிந்து கொடுக்கலாம் என்றால் எனக்கும் இடது கை வலி, மாலையைப் பிடிக்க முடியவில்லை. மாலை என் காதில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். போட்டோ எடுத்தார்கள்.

கோமதி வரவில்லை. வயிற்று வலியாம். மாலையைக் கொண்டுவந்து கொடுத்தேன். சுவாமிக்குப் போடாமல் கூடத்து ஆணியில் மாட்டினாள்.

ஜூலை 17, செவ்வாய்

எழுத வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

பதினொன்றே காலுக்கு பிரின்ஸிபால் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். டிராயரிலிருந்து கவர். "மிஸ்டர் வைத்தியநாதன், மனசைத் திடப்படுத்திக்கணும்." கப்பலிலிருந்து கடிதம். விண்ணப்பித்ததற்கு நன்றி. இம்முறை இயலாமைக்கு வருந்துகிறோம். மாணவர்களோடு எளிதில் கலந்து பழகக்கூடியவராக இருப்பதால் திரு. ரங்கராஜன் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்.

ஒப்புக்குப் போட்ட பெயர்.

கடிதத்தின் மூலையில் ஆபீஸ் முத்திரை. வரவு: ஜூலை 2.

"இது ரெண்டாம் தேதி வந்திருக்கு" என்றேன்.

"ஆமாம். அவருக்கும் உங்களுக்கும் ஒரே தபால்ல வந்தது. அவருக்கு அன்னிக்கே கொடுத்தாச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு... அதுக்குள்ள செக்ரட்டரி விழான்னுட்டார். மைசூர்பாகுக்கு ஆர்டர் போயாச்சு."

"நீங்க தலைமை வகிச்சீங்க."

"வேற யார் வகிக்கறது?" என்றார். உண்மையாகவே கேட்டார்.

வெளியே வந்தேன். படி இறங்கும்போது இடது தோளில் சுருக் என்றது. அங்கேயே நின்றேன். ரங்கனின் தோள் பிடிப்பு. நான் ஊசி போட்டுக்கொண்ட அதே வாரம் மூன்று நாள் லீவு. மாலை போட எழாத அதே இடது கை. என் கையைப் போலவே எட்டாம் நாள் உச்சம்.

கப்பலுக்காக அம்மை குத்திக்கொண்ட தோளோடு வந்து எனக்கு மாலை போட்டிருக்கிறான்.

ஜூலை 18, புதன்

லீவு. மழை வரும்போல் இருட்டி, வராமல் போயிற்று.

என்னைத் தடுத்தவர்கள், ஏமாற்றியவர்கள் பட்டியல்:

1. அப்பா. 1951. எனக்கு லண்டன் படிப்புக்கு இடம் கிடைத்தும் கையெழுத்துப் போடவில்லை. 
2. அத்திம்பேர். போடாதேயும் என்று அப்பாவிடம் சொன்னது. 
3. முந்தைய டிபார்ட்மெண்ட் தலைவர். என் தேசப்படத்தைத் தன் பெயரில் அச்சிட்டது.
4. பிரின்ஸிபால். 
5. ரங்கன்.

சாயந்திரம் ஐந்தாம் நம்பரே வந்தான். ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு. நான் வா என்று சொல்லவில்லை. அவனாகவே நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"திட்டிடும் ஓய். பேசாம இருக்காதேயும்."

பழத்தை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

"நானா கேட்டேன்? நீர்தானே கையெழுத்துப் போடுன்னீர். நீர்தானே டைப் அடிச்சீர். என் ஹாபின்னு மலையேற்றம்னு நீரே போட்டீர். நான் பரங்கிமலைகூட ஏறினதில்லை."

"சனிக்கிழமை மாலை போட்டியே."

"பிரின்ஸிபால் தான் சொல்றேன்னார். நான் ஒவ்வொரு நாளும் சொல்லிட்டார்னு நினைச்சுண்டு வருவேன். உம்ம மூஞ்சியைப் பார்த்தா சொல்லலைன்னு தெரியும். பதினாலு நாள் அப்படித்தான் ஓய் வந்துண்டிருந்தேன்."

"ஊசி மட்டும் போட்டுக்க முடிஞ்சுது."

இடது தோளைத் தடவிக்கொண்டான். "வேண்டாம்னு எழுதிப் போட்டுடறேன். சொல்லும். இப்பவே" என்றான்.

"எழுது."

எதிர்பார்க்கவில்லை போல. காகிதம் கொடுத்தேன். பேனா மூடியைக் கழற்றினான். காகிதத்தைப் பார்த்தான். மூடியைத் திரும்ப மாட்டினான்.

"வத்சலா அவ மனுஷாளுக்கெல்லாம் சொல்லிட்டாளே."

எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "அந்த அமெரிக்கன்கிட்ட எதுக்கு ஓய் தப்பைத் திருத்தினீர்?"

"தப்பு தப்புதானே."

"தப்புதான். ஆனா கப்பல் அவனோடது."

பழத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. முனுசாமிக்குக் கொடுத்துவிடுகிறேன்.

ஜூலை 22, ஞாயிறு

டைரியை முதலிலிருந்து படித்தேன். இதற்குத்தான் மனிதன் டைரி எழுதக்கூடாது.

ஜூலை 3. வத்சலாவின் செருப்பு. பாதிக் காபி. கோமதி கண்ணில் வெங்காயம், அரிவாள்மணையில் புடலங்காய். என் கையாலேயே எழுதியிருக்கிறேன். விழாவுக்கு வராத வயிற்று வலி. ஆணியில் மாட்டிய மாலை.

கோமதி அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். டைரியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"உனக்கு மூணாம் தேதியே தெரியும்."

குழவியை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எனக்கு மாலை போடறப்போ தெரியும்."

"தெரியும்."

"என்னைப் பைத்தியக்காரனாட்டம் நிக்க வெச்சு எல்லாரும் வேடிக்கை பார்த்தேள். வெளியில நாலு பேர் பண்ணினது போறாதுன்னு ஆத்துக்குள்ளேயும்."

அப்போதுதான் நிறுத்தினாள். "ஷேவ் பண்ணிக்கறச்சே பாடிண்டிருந்தேள்" என்றாள். "கல்யாணமாகி இருபத்துமூணு வருஷத்துல நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு கார்த்தாலையும் இன்னிக்குச் சொல்லிடணும்னு காபியோட வருவேன். நீங்க பாடிண்டிருப்பேள். சரி, நாளைக்குன்னு திரும்பிடுவேன்."

"அது என்னை ஏமாத்தினதுதான்."

"ஆமா. பதினாலு நாள் எடுத்துண்டேன். நீங்கதான் லிஸ்ட் வெச்சிண்டிருக்கேளே, அதுல என்னையும் எழுதிக்கோங்கோ."

பட்டியலைப் பார்த்திருக்கிறாள்.

எழுதினேன். 6. கோமதி.

ஆகஸ்ட் 20, திங்கள்

ஆடி முடிந்தது. ஸ்டாஃப் ரூமில் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். அடியில்: உலகக் கப்பல் பயணம் செல்லும் பேராசிரியருக்கு வழியனுப்பு. நான், காதில் மாலையோடு. பக்கத்தில் ரங்கன், இடது கை தொங்க.

எடுக்கச் சொன்னேன். சட்டத்துக்கு ஆனது ஆகிவிட்டது, பிரின்ஸிபாலும் அதில் இருக்கிறார் என்றார் செயலாளர். ரங்கனுக்குத் தனி விழா கிடையாதாம். "ஒரு பயணத்துக்கு ஒரு விழாதான் சார். நடந்தாச்சு."

கொஞ்சம் சந்தோஷம்.

செப்டம்பர் 13, வியாழன்

இன்று ஸ்டாஃப் ரூமில் எல்லோர் எதிரிலும் ரங்கன்: "வைத்தியோட நோட்ஸ் இருந்தா கப்பல்ல என் மானம் பிழைக்கும்." தனியாகக் கேட்கத் தைரியமில்லை. பிரின்ஸிபால் உடனே, "கொடுப்பார், கொடுப்பார், காலேஜ் கௌரவம்" என்றார். முனுசாமிகூட என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கொடுத்தேன். ஆறு மாத உழைப்பு. சணல் கயிறு கட்டி, மேல் தாளில் 'லெக்சர்கள் 1–12' என்று என் கையெழுத்தில்.

உள்ளே பதினொன்று. பன்னிரண்டாவது என் தலையணைக்கு அடியில்.

எண்ணிப் பார்க்க மாட்டான். எனக்குத் தெரியும். தேதிக் கோட்டில் முந்நூறு மாணவர்கள் ஏன் சார் புதன்கிழமை இல்லை என்று கேட்பார்கள். பதில் தெரியாமல் நிற்கட்டும் அவன், நான் மாலையோடு நின்ற மாதிரி.

செப்டம்பர் 15, சனி

நான் ஹார்பருக்குப் போகவில்லை. கோமதி வத்சலாவோடு போனாள். சொல்லிவிட்டே போனாள்.

திரும்பி வந்து: "கப்பல் வெள்ளையா இருக்கு. ரங்கன் ஏணி ஏறறச்சேயே வாந்தி வராப்பல மூஞ்சி. உங்களைத் தேடினான்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மாலை ஐந்தரைக்குச் சாந்தோம் கடற்கரை. கட்டுமரத்தில் சாய்ந்து ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கப்பல் வடக்கேயிருந்து வந்து தெற்கே திரும்பியது. சின்னதாக, வெள்ளையாக. என் கணக்குப்படி பத்தொன்பது நிமிஷம் தெரிந்திருக்க வேண்டும். பதினேழுதான்.

"அது இன்னா கப்பல் சார்? நம்ம கப்பலு இல்லியே."

"காலேஜ்."

"கடல்ல இன்னாத்துக்கு காலேஜு? தரையில எடம் பத்தலியா?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "உன் ஆளு யாராச்சும் போறாங்களா சார்?"

"இல்லை" என்றேன்.

அக்டோபர் 9, செவ்வாய்

சூட்டை வாங்கிக்கொண்டு வர கோமதி பத்து தடவை சொல்லிவிட்டாள். போனேன். தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"வா சார், வா சார்! அதுக்குள்ள சுத்திட்டு வந்துட்டியா? கோட்டு இல்லாமயே போயிட்டியேன்னு எனுக்குத் தூக்கமே இல்ல. குளிரல?"

"இல்லை."

"எளச்சிட்ட சார். கப்பல் சோறு ஒத்துக்கல போல. மூஞ்சியே சொல்லுது."

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது. ஜப்பான் எப்படி என்று கேட்டார். சுத்தமான ஊர் என்றேன்.

அக்டோபர் 27, சனி

தீபாவளிச் சாம்பல் தெருவில் இன்னும் இருக்கிறது. ரியோவிலிருந்து ரங்கன் கடிதம். நான்கு பக்கம்.

மொம்பாஸா வரை படுத்த படுக்கையாம். அப்புறம் என் லெக்சர்களை எழுத்துக்கு எழுத்து படிக்கிறானாம். ஐந்தாவதுக்கு மாணவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம். கேட்டவர்களிடமெல்லாம் இது என் அண்ணா எழுதியது என்கிறானாம். சொல்லியிருப்பான், சொல்லமாட்டான் என்று நான் சொல்லவில்லை. இறங்க விடாததால் கேப் டவுனில் கப்பலிலேயே நின்று மேசை மலையைப் பார்த்தானாம். 'மேலே ஒரே மேகம் ஓய். ஒன்றும் தெரியவில்லை.'

எனக்கு மேகம் இருந்திருக்காது.

கடைசிப் பத்தி: 'நோட்ஸ் கட்டுக்குள் பன்னிரண்டாவது இல்லை. நீர் மறந்து வைத்துவிட்டீர். ஹானலூலூ ஏஜெண்ட் விலாசம் கீழே. நவம்பர் 3க்குள் ஏர்மெயிலில் போட்டால் கிடைத்துவிடும்.'

மறந்து வைத்துவிட்டீர் என்று எழுதியிருக்கிறான். அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியிருக்கும். அதுதான் இன்னும் எரிகிறது.

நவம்பர் 3, சனி

நல்ல மழை. பன்னிரண்டாவதைக் கவரில் போட்டு, ஒட்டி, ஸ்டாம்பு ஒட்டி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸ். பன்னிரண்டு மணித் தபால் எடுப்பதற்குப் பத்து நிமிஷம் இருந்தது. குடையோடு பெட்டி பக்கத்தில் நின்றேன்.

தபால்காரர் வந்து பெட்டியைத் திறந்தார். "போடறதுன்னா போடு சார். பூட்டிடப் போறேன்."

"நீங்க பூட்டுங்க" என்றேன்.

பூட்டிவிட்டார். கவர் நனையாமல் வீடு வந்து சேர்ந்தது. நான் நனைந்துவிட்டேன்.

கோமதி துண்டு கொடுத்தாள்.

நவம்பர் 21, புதன்

மழை. கல்லூரி லீவு.

காலையில் இந்தப் பக்கத்தைப் புரட்டினால் என் பென்சில் எழுத்து: இந்த நாள் இல்லை. ரங்கனுக்கு இல்லை. இந்நேரம் செவ்வாயிலிருந்து வியாழனுக்குப் போயிருப்பான். மாணவர்கள் கேட்டிருப்பார்கள். என்ன சொல்லியிருப்பான்? ஏதாவது ஜோக் சொல்லியிருப்பான். சிரித்திருப்பார்கள். அவன் நின்றிருக்கவே மாட்டான். இது எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

சமையலறையில் கோமதி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிஜ வெங்காயம்.

"தலைகாணிக்கடியில ரெண்டு மாசமா ஒண்ணை வெச்சிண்டு தூங்கறேளே, அதுல அப்படி என்னதான் எழுதியிருக்கு? படிங்கோ."

"இங்கிலீஷ்."

"தமிழ்ல சொல்லுங்கோ."

மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கவரைப் பிரித்தேன். சொன்னேன். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பூமியாக வைத்து, ஒரு பருப்பைக் கப்பலாக நகர்த்தி. முக்கால் மணி. நடுவில் ரசம் கொதித்தபோது மட்டும் எழுந்தாள். இருபத்திரண்டு வருஷ வகுப்புகளில் இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

"அப்போ இன்னிக்கு ரங்கனுக்கு நாளே கிடையாதா?"

"கிடையாது."

"அடையாத்துல வத்சலாவுக்கு உண்டா?"

"உண்டு."

"ஆம்படையானுக்கு இல்லாத புதன்கிழமை பொண்டாட்டிக்கு மட்டும் உண்டா? நன்னா இருக்கு உங்க பூகோளம்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நீங்க போயிருந்தா உங்களுக்கும் இன்னிக்கு இல்லை."

"இல்லை."

"இப்போ இருக்கு." வெங்காயத் தோலை முறத்தில் தள்ளினாள். "பதினாலு நாள் எடுத்துண்டேனே, அதுல ஒண்ணு திருப்பிக் கொடுத்தாச்சுன்னு வெச்சுக்கோங்கோ."

சிரித்துவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள். அது பிடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பென்சில் கோட்டை அழித்தேன். அழுத்திப் போட்டிருக்கிறேன், தாள் கொஞ்சம் கிழிந்தது. கிழிசலைச் சுற்றி எழுதுகிறேன்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பிரின்ஸிபால் அப்படியே. ரங்கன் அப்படியே.

6. கோமதி. பாக்கி பதிமூன்று.